கித்தார் பயில்வோர் அறிய வேண்டிய இசைச்சொற்கள்



மாலை வேலை முடிந்து, குளித்து, தேநீர் அருந்திய பின்னர் லயத்து வாசற்படியில் ஓர் இளைஞர் கித்தாரை மடியில் வைத்து மீட்டுவதும், அவரைச் சுற்றிச் சிறுவர்கள் கூடி நிற்பதும் நம் தோட்டங்களில் நாம் பன்முறை கண்டு மகிழ்ந்த காட்சியாகும். நம் பிள்ளைகளுள் பலர் இக்கருவியை ஆசிரியரிடம் முறையாகக் கற்றவரல்லர். அண்ணன் விரல் வைக்கும் இடத்தைத் தம்பி பார்க்கிறான். மறுநாள் தானும் அவ்வாறே வைக்கிறான். இது கண்ணால் கற்றுக் கையால் பழகும் கல்வி. இதனைக் குறைத்துப் பேசுதல் தகாது. ஆயினும், பெயர் தெரியாமல் கற்ற கல்வி என்றேனும் ஒரு நாள் நம்மை வாயடைத்து நிற்கச் செய்துவிடும். அதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் கூறுவோம்.

நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற மாணவன் ஒருவன் இருந்தான். அவனுடைய தாயார் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் பழைய கித்தார் ஒன்றை வாங்கித் தந்திருந்தார். எந்தப் பாட்டையும் இருமுறை கேட்டால் வாசித்துவிடுவான். புதிய பள்ளியின் இசைக்குழுவில் சேர விரும்பிச் சென்றபோது, மூத்த மாணவர் ஒருவர், "இந்தப் பாட்டை எந்தக் கீயில் வாசிக்கிறாய்?" என்று வினவினார். நம் மாணவனுக்கு அவ்வினாவே விளங்கவில்லை. தலை குனிந்து திரும்பினான். அன்று முதல் கித்தார் அலமாரியின் மேல் ஏறிவிட்டது.

சில வாரங்கள் கழித்து, கோவில் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கும் முதியவர் அவனைக் கண்டு, "ஏனப்பா தம்பி, இப்போதெல்லாம் உன் கித்தார்ச் சத்தமே கேட்கவில்லையே?" என்றார். அவனும் நடந்ததைக் கூறி, "எனக்கு ஒன்றும் தெரியாது, தாத்தா" என்றான். பெரியவர் அவனை வாசிக்கச் சொல்லித் தம் ஆர்மோனியத்தின் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஒன்றில் இரண்டும் ஒன்றாக இணைந்தன. "ஐந்து கட்டை! இதைத்தான் அந்தப் பிள்ளை உன்னைக் கேட்டிருக்கிறான்" என்றார்.

ஆம்! இடைநிலைப்பள்ளியில் 'கீ' என்று கேட்டதும், நம் கோவிலில் 'எத்தனை கட்டை' என்று கேட்பதும் ஒன்றே. அறிந்த பொருளுக்கு அறியாத பெயர் வந்தமையால் ஒரு பிள்ளை தன்னை அறிவிலி என்று எண்ணிவிட்டான். இத்தகைய துன்பம் வேறு எப்பிள்ளைக்கும் நேரலாகாது என்னும் நோக்குடன், கித்தார் பயில்வோர் அறியவேண்டிய சொற்கள் சிலவற்றை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

கருவியும் அதன் உறுப்புகளும்

கித்தார் என்னும் பெயர் கிரேக்க மொழியின் 'கித்தாரா' என்னும் சொல்லோடு உறவுடையது. இன்று நாம் காணும் மரக் கித்தாரின் அளவையும் அமைப்பையும் பெரும்பாலும் வகுத்தவர் அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) என்னும் இஸ்பானியக் கைவினைஞர் ஆவார். நம் நாட்டில் மலாய் மக்கள் போற்றும் கெரொஞ்சோங் இசையிலும் கித்தாருக்குச் சிறப்பான இடம் உண்டு.

இதன் உறுப்புகளுக்குப் பெயர் தேடி நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. நம் வீணையின் உறுப்புகளை நினைவுகூர்ந்தால் போதும். ஒலியைப் பெருக்கும் வயிற்றுப் பகுதி குடம். கையால் பற்றும் நீண்ட பகுதி தண்டி. குடத்தின்மேல் தந்திகளைத் தாங்குவது குதிரை. தந்தியை முறுக்குவதற்கும் தளர்த்துவதற்கும் உரியது பிரடை. தண்டியின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் மெட்டுகள். ஆங்கிலத்தில் 'ஃப்ரெட்' என வழங்குவது இம்மெட்டேயாகும். பாட்டின் மெட்டு வேறு, இம்மெட்டு வேறு என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்க. தண்டியின் தலைப்பக்கத்தில் தந்திகள் படிந்து செல்லும் சிறு தடுப்பினை நாம் மேல்தாங்கி என்று சொல்லுவோம்.

மெட்டும் சுரமும்

ஒரு தந்தி எழுப்பும் ஒலி, அதன் நீளம், இறுக்கம், பருமன் ஆகிய மூன்றையும் பொறுத்தது. நீளம் குறைந்தால் ஒலி உயரும், இறுக்கினாலும் உயரும், தந்தி தடித்திருந்தால் ஒலி தாழும். மெட்டில் விரல் வைத்து அழுத்தும்போது நாம் தந்தியின் நீளத்தைக் குறைக்கின்றோம்.

மெட்டுகளை உற்று நோக்குங்கள். அவை நிரைபிடித்து நட்ட செம்பனை மரங்களைப் போன்று சமதூரத்தில் இல்லை. மேல்தாங்கியின் அருகே அகன்றும், குடத்தை நெருங்க நெருங்கக் குறுகியும் இருக்கும். ஒவ்வொரு மெட்டும், எஞ்சியுள்ள நீளத்தில் ஏறத்தாழ 18-இல் ஒரு பங்கினைக் குறைக்கிறது என்பதே அதன் காரணம். வானியல் அறிஞர் கலிலியோவின் தந்தையாரான வின்சென்சோ கலிலேய் என்னும் இசைவாணர், 1581-இல் வெளியிட்ட நூலில் இவ்விகிதத்தை எடுத்துரைத்தார். மேல்தாங்கியிலிருந்து குதிரை வரை 650 மில்லிமீட்டர் நீளமுள்ள கித்தாரில் முதல் மெட்டு ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் தொலைவில் அமையும். பன்னிரண்டாம் மெட்டு சரியாக நடுவில், 325 மில்லிமீட்டரில் அமையும். வீட்டில் கித்தார் உள்ளவர்கள் அளவுகோலால் அளந்து பார்க்கலாம். கணிதம் ஏட்டில் மட்டும் இருப்பதன்று என்பது அப்போது விளங்கும்.

ஒரு மெட்டுக்கும் அடுத்த மெட்டுக்கும் உள்ள இடைவெளி அரைச்சுரம் எனப்படும். இரண்டு மெட்டு இடைவெளி முழுச்சுரம். பன்னிரண்டு அரைச்சுரங்கள் சேர்ந்தது ஒரு தாயி, ஆங்கிலத்தில் ஆக்டேவ். ஐந்தாம் தந்தியை மெட்டில் அழுத்தாமல் மீட்டினால் அது நொடிக்கு 110 முறை அதிரும். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் நீளம் பாதியாகி அதிர்வு 220 ஆகும். முன்னது கீழ்ச் ச என்றால் பின்னது மேற் ச.

நம் இசையிலும் ஒரு தாயிக்குள் பன்னிரண்டு சுரத்தானங்களே உள்ளன. ச ரி க ம ப த நி என்னும் ஏழும் இவற்றுள் அமைகின்றன. இவ்வேழு சுரங்களுக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் பழந்தமிழ்ப் பெயர்கள் வழங்கின. ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'மும், விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட 'யாழ் நூ'லும் இப்பழைய இசையிலக்கணத்தை விரிவாக ஆராய்ந்த நூல்களாம்.

கட்டையும் எழுத்தும்

மேலைநாட்டார் சுரங்களுக்கு ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி என்னும் ஏழு எழுத்துகளைப் பெயராக இட்டனர். ஆர்மோனியத்தின் கட்டைக் கணக்கோடு இவற்றை எளிதில் பொருத்தலாம். சி என்பது 1 கட்டை, டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. இவை வெள்ளைக் கட்டைகள். இடையேயுள்ள கறுப்புக் கட்டைகளை நாம் ஒன்றரை, இரண்டரை, நான்கரை, ஐந்தரை, ஆறரை என்போம். மேலைநாட்டார் ஒன்றரைக் கட்டையைச் 'சி ஷார்ப்' என்பர். ஷார்ப் என்றால் அரைச்சுரம் ஏற்றியது. ஃப்ளாட் என்றால் அரைச்சுரம் இறக்கியது. ஆகவே சி ஷார்ப் என்பதும் டி ஃப்ளாட் என்பதும் கித்தாரில் ஒரே மெட்டுத்தான்.

மூன்றரைக் கட்டை என்று எவரும் சொல்லக் கேட்டதுண்டா? இல்லை. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லை. ஈ, எஃப் இரண்டும் அரைச்சுர இடைவெளியில் அடுத்தடுத்து நிற்பவை. ஏழு கட்டைக்கும் மேல் ஒன்றுக்கும் இடையிலும் அவ்வாறே. இதனை நினைவில் இருத்தினால் மெட்டுகளை எண்ணும்போது பிழை நேராது.

எந்தச் சுரத்தை நாம் 'ச' என்று கொண்டு பாடுகின்றோமோ அதுவே ஆதார சுருதி. 'கீ' என்னும் சொல் முதலில் குறிப்பது இதனையே. அதனோடு மேஜர் அல்லது மைனர் என்னும் அமைப்பையும் சேர்த்துச் சொல்வது மேலை வழக்கு. இவ்விரண்டின் பொருளைப் பின்னர்க் காண்போம்.

தந்திகளும் சுருதி சேர்த்தலும்

கித்தாரில் ஆறு தந்திகள் உள. மெல்லிய தந்தி முதலாவது, தடித்தது ஆறாவது. கித்தாரை மடியில் வைத்துப் பார்க்கும்போது ஆறாவது மேலே இருப்பதால் பலர் அதனை முதல் தந்தி என்று மயங்குவர். தடித்ததிலிருந்து மெல்லியது வரை அவற்றின் பெயர்கள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பனவாம். கட்டைக் கணக்கில் சொன்னால் 3, 6, 2, 5, 7, 3. முதல் தந்தியும் ஆறாம் தந்தியும் ஒரே பெயருடையவை எனினும், அவற்றுக்கிடையே இரண்டு தாயி வேறுபாடு உண்டு.

சுருதி சேர்க்கும் முறை பின்வருமாறு: ஆறாம் தந்தியை முதலில் ஆர்மோனியத்தின் மூன்று கட்டையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்; தாழ்ந்த தாயியில் அதே சுரம் ஒலிக்கட்டும். பின்னர் அதன் ஐந்தாம் மெட்டை அழுத்தி எழும் ஒலியோடு ஐந்தாம் தந்தியைச் சேருங்கள். ஐந்தாம் தந்தியின் ஐந்தாம் மெட்டோடு நான்காம் தந்தியையும், நான்காம் தந்தியின் ஐந்தாம் மெட்டோடு மூன்றாம் தந்தியையும் சேருங்கள். இரண்டாம் தந்திக்கு மட்டும் விதிவிலக்கு. அதனை மூன்றாம் தந்தியின் நான்காம் மெட்டோடு சேர்க்கவேண்டும். முதல் தந்திக்கு மீண்டும் இரண்டாம் தந்தியின் ஐந்தாம் மெட்டு.

உலகெங்கும் இசைக்குழுவினர் ஏ என்னும் சுரத்தை நொடிக்கு 440 அதிர்வாகக் கொள்வர். பன்னாட்டுத் தர நிறுவனமும் இதனை 1975-இல் ஐ.எஸ்.ஓ. 16 என்னும் தரமாக வகுத்தது. இப்பொதுவிதி இருப்பதனாலேயே முன்பின் அறியாத இருவர் தத்தம் கருவிகளோடு வந்து ஒன்றாக வாசிக்க இயலுகிறது.

மேஜரும் மைனரும்

ஏதேனும் ஒரு தந்தியை அழுத்தாமல் மீட்டி அதனையே 'ச' என்று கொள்ளுங்கள். அடுத்து 2, 4, 5, 7, 9, 11, 12 ஆகிய மெட்டுகளை வரிசையாக அழுத்தி மீட்டுங்கள். ச ரி க ம ப த நி ச என்னும் ஏறுவரிசை ஒலிக்கும். இதுவே மேலைநாட்டாரின் மேஜர் ஸ்கேல். நம் இசையில் சங்கராபரணத்தின் சுரங்கள். ஸ்கேல் என்பது சுரவரிசை. இனி 2, 3, 5, 7, 8, 10, 12 என்று மீட்டுங்கள். ஒலி சற்றே சோகம் தோய்ந்ததாகத் தோன்றும். இது மைனர் ஸ்கேலின் இயல்பான வடிவம். நம் நடபைரவியின் சுரங்கள். 2, 4, 7, 9, 12 என ஐந்து சுரங்களை மட்டும் மீட்டினால் அது மோகனத்தின் வரிசை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. சுரங்கள் ஒன்றாக இருப்பதனால் இராகமும் ஸ்கேலும் ஒன்றாகிவிடா. இராகத்திற்குக் கமகம் உண்டு, பிடிப்புகள் உண்டு, தனக்கே உரிய நடை உண்டு. ஸ்கேல் என்பது படிக்கட்டு. இராகம் என்பது அப்படியில் ஏறி இறங்கும் ஆட்டம்.

கார்டு என்னும் சுரக்கூட்டு

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்வது கார்டு. இதனைத் தமிழில் சுரக்கூட்டு எனலாம். ச, க, ப மூன்றும் சேர்வதே அடிப்படைக் கூட்டு. 'ச'விலிருந்து 'க' நான்கு அரைச்சுரத் தொலைவில் இருந்தால் மேஜர் கார்டு. மூன்று அரைச்சுரத் தொலைவில் இருந்தால் மைனர் கார்டு. 'ப' இரண்டிற்கும் பொது. அது 'ச'விலிருந்து ஏழாம் அரைச்சுரம்.

புதிதாகப் பயில்வோர்க்கு எளியது ஈ மைனர். ஐந்தாம் தந்தியிலும் நான்காம் தந்தியிலும் இரண்டாம் மெட்டை அழுத்தி ஆறு தந்திகளையும் மீட்டினால் போதும். ஈ, ஜி, பி என்னும் மூன்று சுரங்களே மாறி மாறி ஒலிக்கும். இனி மூன்றாம் தந்தியின் முதல் மெட்டிலும் ஒரு விரலை வையுங்கள். அங்கிருந்த ஜி, ஜி ஷார்ப் ஆகிவிடும், மைனர் மேஜராகிவிடும். ஒரே விரலால் வாட்டம் நீங்கி ஒலி மலர்வதைச் செவியால் உணரலாம்.

எளிய பாடல்கள் பலவற்றிற்கு ச, ம, ப ஆகியவற்றை அடியாகக் கொண்ட மூன்று கார்டுகளே போதுமானவை. ஐந்து கட்டையில் பாடினால் அவை ஜி, சி, டி. பாடுபவர் ஆறு கட்டையில் பாட விரும்பினால் என் செய்வது? இரண்டாம் மெட்டில் கேப்போ என்னும் கவ்வியை மாட்டிவிட்டு, அதே விரல் அமைப்புகளை வாசிக்கலாம். ஒரு மெட்டுக்கு அரைக்கட்டை என்று பொதுப்படக் கருதாமல், அரைச்சுரக் கணக்கில் எண்ணுதல் வேண்டும். மூன்று கட்டையிலிருந்து நான்கு கட்டைக்கு ஒரு மெட்டே போதும் என்பதை மறவாதீர்.

தாளமும் எழுத்தும்

தோட்டத்தில் நமக்கு லயம் என்றால் வீடு. இசையில் லயம் என்றால் காலம் பிசகாத ஓட்டம். இரண்டும் நாம் நிலைத்து நிற்கும் இடங்களே. பாட்டின் வேகத்தை மேலைநாட்டார் டெம்போ என்பர். நாம் காலப்பிரமாணம் என்போம். நிமிடத்திற்கு 60 என்றால் நொடிக்கு ஒரு தட்டு. தட்டுகளைச் சம பகுதிகளாக வகுத்தால் ஒவ்வொரு பகுதியும் ஒரு பார். நான்கின்கீழ் நான்கு என்று எழுதியிருந்தால் ஒரு பாருக்கு நான்கு தட்டுகள். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை இத்தகைய இரண்டு பார்களாக எண்ணலாம். நான்கின்கீழ் மூன்று என்றால் மும்மூன்றாக எண்ணவேண்டும்.

கித்தார் இசையை எழுதுவதற்கு இரு முறைகள் உள. ஐந்து கோடுகளின்மேல் புள்ளியிட்டு எழுதுவது ஒன்று. ஆறு தந்திகளைக் குறிக்கும் ஆறு கோடுகளின்மேல் மெட்டின் எண்ணை எழுதுவது மற்றொன்று. இதற்கு டேப் என்று பெயர். இஃது இக்காலத்துக் குறுக்குவழி என்று எண்ணவேண்டா. கித்தாரின் முன்னோடிகளுள் ஒன்றாகிய விஹுவேலாவிற்கு லூயிஸ் மிலான் என்பவர் 1536-இல் வெளியிட்ட நூலிலேயே எண்களால் எழுதும் இம்முறை கையாளப்பட்டுள்ளது.

பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் பிறந்த இளையராஜா அவர்கள், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையைக் கற்று, எண்ணிய இசையைத் தாளில் எழுதும் ஆற்றலைப் பெற்றார். 1976-இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது நாட்டுப்புற இசையும் மேலைக் கருவிகளும் கைகோத்து நின்றதை உலகத் தமிழர் கேட்டனர். எழுதக் கற்றதனால் அவர் தம் ஊரின் இசையை இழக்கவில்லை. அதனைப் பலர் கூடி வாசிக்கத் தந்தார்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

பிள்ளைக்குக் கித்தார் வாங்க விரும்பும் பெற்றோர்கள், அவர்களின் கைக்கும் உடலுக்கும் ஏற்ற சிறிய அளவினதைத் தேர்ந்தெடுத்தல் நலம். தொடக்கத்தில் நைலான் தந்தி விரலுக்கு மென்மையானது. நைலான் தந்திக்கென்று செய்த கித்தாரில் எஃகுத் தந்தியைப் பூட்டாதீர். அதன் இழுவிசை மிகுதியாதலால் குதிரை பெயர்ந்துவிடக்கூடும். கருவியை வெயிலில் வைக்கவும் வேண்டா. முதற் சில வாரங்கள் விரல்நுனி வலிக்கும். பின்னர்த் தோல் தடித்து வலி மறையும். அவ்வாரங்களில் பிள்ளை சோர்ந்து போகாதவாறு, நாள்தோறும் 15 நிமிடமேனும் வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். இசை தெரியாத பெற்றோரும் செய்யக்கூடிய உதவி அது.

நாம் முதலிற் கூறிய மாணவன் என்ன ஆனான் என்று அறிய விரும்புவீர்கள். அவ்வாண்டு அவனுக்கு இசைக்குழுவில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பஜனையில் ஆர்மோனியத்திற்கு அருகே அமர்ந்து கித்தார் வாசிக்கத் தொடங்கினான். ஒருபுறம் கட்டைகளையும் மறுபுறம் எழுத்துகளையும் வரிசையாக ஒரு தாளில் எழுதி, தன்னைப்போல் பார்த்துப் பழகும் சிறுவர்களுக்காகக் கோவில் மண்டபச் சுவரில் ஒட்டி வைத்தான். மறு ஆண்டு இசைக்குழுவிற்குச் சென்றபோது, "ஜி மேஜர்" என்று அவனாகவே முன்வந்து சொன்னான்; சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தத் தாள் இன்று பழுத்து, ஓரங்கள் கிழிந்துவிட்டது. அதில் இருந்தவற்றைச் சற்று விரித்து எழுதியதே இக்கட்டுரை. இதனை வெட்டியெடுத்துக் கித்தார் உள்ள வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்தால், நாம் எழுதியதன் பயன் நிறைவேறும்.